கத்திரி வெயிலில் வெந்நீர்

மார்ச் 18, 2024, மதுரை
அப்பாவின் குடல் புற்றுநோய் ஆபரேஷனில் எடுத்ததன் பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. குடலோடு சேர்த்து எடுத்த நெறிக்கட்டிகள் 16. இரண்டில் புற்றுச்செல் இருக்கிறது. மூன்றாம் கட்டம்.

அப்பாவுக்குக் கோபம். "முழுசா எடுத்தாச்சுன்னுதானே சொன்னாங்க, அப்புறம் எதுக்குக் கீமோ?"

டாக்டர் மழுப்பவில்லை. ரத்தத்தில் ஏறிப்போன ஒன்றிரண்டு செல் ஸ்கேனில் தெரியாது. ஈரலிலோ நுரையீரலிலோ போய் முளைக்கலாம். ஒன்றுமே மிச்சமில்லாமலும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல வழியில்லை. கீமோ கொடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான்.

அப்பா முப்பது வருஷக் கண்டக்டர். ஆட்டோவில் வரும்போது, "டிப்போவுல வண்டிய விட்டப்புறமும் சீட்டுக்கடியில குனிஞ்சு பாத்துட்டுத்தான் இறங்குவேன்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15
ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். முதல் கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து, இரண்டு மணி நேரம் டிரிப்ஸ். குளுக்கோஸில்தான் கலக்க வேண்டுமாம், சலைன் ஆகாது. வீட்டுக்குக் கேப்பசிடபின் என்ற கீமோ மாத்திரை: 14 நாள், இரண்டு வேளை, சாப்பிட்ட அரை மணிக்குள். பிறகு ஏழு நாள் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. முன்பெல்லாம் ஆறு மாதம் கொடுப்பார்கள். 2018-இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு, அபாயம் குறைந்தவர்களுக்கு மூன்று மாதமே போதும் என்றாகிவிட்டது. அந்த ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 17
பிரிட்ஜில் இருந்த மோர்ச் செம்பைத் தொட்ட அப்பா "ஐயோ" என்று உதறினார். விரலெல்லாம் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறதாம். இந்த டிரிப்ஸ் ஏற்றினால் குளிர்ச்சி ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள், நான்தான் கோட்டைவிட்டேன். சித்திரை வெயிலில் வெந்நீர் குடிக்கிறார். ஜிகர்தண்டாக் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பாவம்.

மே 6
ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) 62,000. கீமோ கொடுக்கக் குறைந்தது 75,000 வேண்டும். ஊசி ஒரு வாரம் தள்ளிப் போய்விட்டது. பப்பாளி இலைச்சாறு கொடுக்கச் சொன்ன சித்தியிடம், டாக்டரைக் கேட்காமல் எதுவும் கிடையாது என்றேன். போனை வைத்துவிட்டார்.

மே 13
1,10,000. இரண்டாவது சுற்று ஊசி போட்டாயிற்று.

மே 29
குளிர்ச்சி பட்டாலும் படாவிட்டாலும் விரல் நுனி மரத்தே இருக்கிறது. அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், மருந்தின் அளவைக் குறைப்பார்களாம். அப்பா திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். நான் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் மாற்றி மாற்றி வைத்தேன். ஐந்தில் மூன்று சரியாகச் சொன்னார்.

"இன்னொரு தடவ வை."