இன்னொருவர் டோஜோவில் கால் வைக்கும்போது

இரண்டு வாரம் முன்னால் வகுப்பு முடிந்து பெல்ட்டை மடித்துக்கொண்டிருந்தேன். பிரவுன் பெல்ட் மாணவி ஒருத்தி வந்து, "அண்ணா, வேலை விஷயமா மூணு மாசம் வெளியூர்ல இருக்கணும். தங்கற இடத்துப் பக்கத்துல கராத்தே இல்ல, ஒரு ஜூடோ கிளப்தான் இருக்கு. அங்க போனா மாஸ்டர் தப்பா நினைப்பாரா?" என்று கேட்டாள். தாராளமா போ, ஆனா முதல்ல மாஸ்டர்கிட்ட சொல்லிட்டுப் போ என்றேன். அப்புறம் நின்றபடியே அரைமணி நேரம் பேசினோம். வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 16 வருஷமாக ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியைப் பழகுகிறேன், அதற்குள் ஏழெட்டு டோஜோக்களுக்கு, அதாவது பயிற்சிக் கூடங்களுக்கு, வெளி ஆளாகப் போய் நின்றிருக்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சொந்த மாஸ்டரிடம் சொல்வதை அனுமதி வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. போன இடத்தில் உங்களிடம் முதலில் கேட்கப் போவது "யார்கிட்ட கத்துக்கறீங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லப் போவது அவருடைய பெயரை. அவருக்கே தெரியாமல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு வாசலில் வைப்பது சரியில்லை. அதோடு பழைய கதைகளும் இருக்கும்: இரண்டு மாஸ்டர்களும் ஒரு காலத்தில் ஒன்றாகப் பழகியவர்களாக இருக்கலாம், மனஸ்தாபத்தில் பிரிந்தவர்களாகவும் இருக்கலாம், அது தெரியாமல் நடுவில் போய் நின்றால் சங்கடம் உங்களுக்குத்தான். பிரேசிலியன் ஜியு ஜிட்சுவில் அணி விட்டு அணி மாறுகிறவர்களைத் திட்டுவதற்கென்றே க்ரியோன்ட்டே என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்த அளவு கடுமை எனக்கு உடன்பாடில்லை. வேறு எங்கும் போகவே கூடாது என்று மாணவர்களைக் கட்டி வைக்கும் மாஸ்டரிடம் ஏதோ பயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சொல்லாமல் போய், அது வேறொருவர் வாயால் அவர் காதுக்குப் போவதை விட, நேராகச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது, போகிற இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். வெளி ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்களா, எந்த நாள் வந்தால் வசதி, ஒரு நாள் வகுப்புக்குக் கட்டணம் உண்டா, காயம் பட்டால் யார் பொறுப்பு என்று ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா, இதெல்லாம் போனிலேயே முடிந்துவிடும். தேர்வு நெருங்கும் நேரத்திலோ போட்டிக்கு முந்தைய வாரத்திலோ பல மாஸ்டர்கள் வெளி ஆட்களை விரும்ப மாட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்பதும் நல்ல பழக்கம்.

பெல்ட் விஷயத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். வெள்ளை பெல்ட் கட்டினால் பணிவு, கருப்பு கட்டினால் திமிர் என்று ஒரு பேச்சு உண்டு, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். டான் தரம், அதாவது இன்று கருப்பு பெல்ட்டோடு வரும் படிநிலை, அதைச் சண்டைக் கலைகளுக்கு முதலில் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. 1882-இல் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கி, அடுத்த வருஷமே தன் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். அங்கிருந்துதான் கராத்தேவுக்கு அது வந்தது, ஷோட்டோகானின் மூலவரான கிச்சின் ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலில் பிளாக் பெல்ட் கொடுத்தது 1924-இல். ஆக பெல்ட் என்பது அதைக் கொடுத்த பள்ளிக்குள் செல்லுபடியாகிற ஒன்று. வெளியே போனால் அதற்கு வேறொரு வேலை இருக்கிறது: எதிரில் நிற்பவர் உங்களோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

ஜூடோ கிளப்பில் போய் கராத்தே பிளாக் பெல்ட்டோடு நின்றீர்கள் என்றால், இவருக்கு விழத் தெரியும் என்று நினைத்து ஒருவர் உங்களை முழு உயரத்துக்குத் தூக்கிப் போடுவார். நமக்கு எங்கே விழத் தெரியும்? ஜூடோவில் உகேமி, அதாவது அடிபடாமல் விழுவது, அதுதான் முதல் பாடம். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டோ காரை எலும்போ போய்விடும். அங்கே வெள்ளை பெல்ட் கட்டுவது முதலில் உங்கள் எலும்புக்காக, பணிவெல்லாம் அதற்கு அப்புறம். இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே பாணியில் இன்னொரு டோஜோவுக்குப் போகும்போது, பத்து வருஷம் பழகியவர் வெள்ளை கட்டிக்கொண்டு நின்றால் எதிரில் நிற்கும் புதுப் பையனுக்கு இவர் யார் என்று தெரியாது, அவன் தைரியமாக உள்ளே வருவான், வாங்கிக்கொண்டு போவான். அதனால் என் வழி எளிது. ஒரே பாணி என்றால் என் பெல்ட், வேறு என்றால் பையில் இரண்டும் இருக்கும், எதைக் கட்டட்டும் என்று அந்த மாஸ்டரிடமே கேட்டுவிடுவேன். உங்களுடையதையே கட்டுங்கள் என்று அவர் சொன்ன பிறகு, இல்லை இல்லை வெள்ளைதான் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

உடை என்றால் ஒரே ஒரு விஷயம்: மெல்லிய கராத்தே உடுப்போடு ஜூடோவுக்குப் போகாதீர்கள். காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் கிழிந்துவிடும். கெட்டியான ஜூடோ மேலுடுப்பு இரவல் கிடைக்குமா என்று போனில் கேட்கும்போதே கேட்டு வையுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், சங்கிலி கழற்றியிருக்க வேண்டும். படர்தாமரையோ ஆறாத புண்ணோ இருந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அன்றைக்குப் போகவே கூடாது. உடம்போடு உடம்பு உரசும் பயிற்சி விரிப்பில் ஒருவருடைய தோல் நோய் சீக்கிரமே பாதி வகுப்புக்குப் பரவிவிடும்.

கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். செருப்பை எங்கே விடுகிறார்கள், எந்தப் பக்கம் பார்த்து வணங்குகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். இடத்துக்கு இடம் இது மாறும். களரியில் வலது காலை முதலில் வைத்து இறங்கித் தரையைத் தொட்டு வணங்குவார்கள். ஜப்பானிய வாள் பயிற்சியான கெண்டோவில் கீழே கிடக்கும் மூங்கில் வாளைத் தாண்டக் கூடாது. வணங்குவதில் உங்கள் நம்பிக்கை சார்ந்து ஏதாவது தயக்கம் இருந்தால் வகுப்புக்கு முன்னாலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். வரிசையில் எங்கே நிற்பது என்று தெரியாவிட்டால் கடைசியில் நில்லுங்கள். கூப்பிட்டு முன்னால் நிறுத்தினால் மறுக்காமல் போய் நில்லுங்கள்.

சரி, இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஷிட்டோ ரியு என்ற இன்னொரு கராத்தே பாணியின் டோஜோவுக்குப் போயிருந்தேன். அங்கே பினான் என்று சொல்லும் ஐந்து கட்டாக்களைத்தான், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்களைத்தான், ஷோட்டோகானில் ஹெய்யான் என்கிறோம். ஃபுனாகோஷி பெயரை மாற்றியபோது முதல் இரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார், அதனால் அவர்களுடைய முதலாவது நமக்கு இரண்டாவது. இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் அந்த மாஸ்டர் "பினான் ஷோதான்" என்று குரல் கொடுத்ததும், ஷோதான், அதாவது முதலாவது, என்ற சொல்லைக் கேட்ட உடம்பு நம் ஹெய்யானின் முதலாவதைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள், நானும் திரும்பினேன். அவர்களுடைய இரண்டு கைகளும் மேலே எழும்பின, என்னுடைய கை மட்டும் கீழே தடுத்தது. அதோடு அவர்கள் நின்றது பூனை நிலையில், முன்கால் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க உயரமாக, லேசாக. நான் என் பழக்கப்படி நீளமாகத் தாழ்ந்து நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, மாஸ்டர் கையைக் காட்டி மறுபடி தொடங்கச் சொன்னார்.

அதன் பிறகு ஜோடியாகப் பிரித்தார்கள். எனக்கு வாய்த்தது பதினாலு வயதுப் பையன், பச்சை பெல்ட். நன்றாகவே செய்தான். ஆனால் அவனுடைய நிலை எனக்கு ரொம்ப உயரமாகத் தெரிந்தது. நான் எங்கள் டோஜோவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, இன்னும் கொஞ்சம் தாழ்ந்து நில்லு, பின்காலை இன்னும் தள்ளி வை" என்றேன். பையன் மரியாதையானவன். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று பின்காலைத் தள்ளி வைத்தான். வைத்த உடனே அவன் கண் அவனுடைய மாஸ்டர் பக்கம் போனது, அப்புறம் என் பக்கம் வந்தது, அப்புறம் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த முறை நகர்ந்தபோது பூனை நிலையும் இல்லை, என்னுடைய நிலையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதுவரை சரியாகச் செய்துகொண்டிருந்தவன் தடுமாற ஆரம்பித்தான்.

வகுப்பு முடிந்த பிறகு அந்த மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்னது உங்க கராத்தேல சரிதான். ஆனா நீங்க இன்னிக்கே கிளம்பிடுவீங்க. அவனுக்கு அடுத்த மாசம் பரீட்சை" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், அந்தப் பையனிடமும் போய், "நான் சொன்னதை விட்டுடு தம்பி, உங்க மாஸ்டர் சொன்னபடியே நில்லு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நான் கிளம்பிவிடுவேன், நான் உண்டாக்கிய குழப்பம் அங்கேயே இருக்கும். இது அதுவரை என் புத்தியில் ஏறியதே இல்லை. அதிலிருந்து வெளி இடத்தில் யாருக்கும் நான் திருத்தம் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரே, "நான் செய்றது சரியா?" என்று கேட்டால்கூட, உங்க மாஸ்டரைக் கேளுங்களேன், நானும் சேர்ந்து கேட்டுக்கறேன் என்பேன். அவர்களுடைய நிலையிலேயே நிற்கப் பார்ப்பேன், அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை. 16 வருஷப் பழக்கத்தை ஒன்றரை மணி நேரம் ஓரமாக வைப்பதற்குக் குத்துவதையும் உதைப்பதையும் விட அதிகமான கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன். "எங்க ஸ்கூல்ல இப்படிச் செய்ய மாட்டோம்" என்ற வாக்கியத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் வகுப்பு முடிந்து தனியாகக் கேளுங்கள், நல்ல மாஸ்டர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

குமிதே, ராண்டோரி, ரோல், பெயர் எதுவானாலும் எதிராளியோடு மோதும் நேரம் வந்தால், வேகத்தையும் அழுத்தத்தையும் அந்த இடத்து ஆள் தீர்மானிக்கட்டும். அவர் தொட்டால் தொடுங்கள். ஓர் இடத்தில் முகத்தில் லேசாகத் தொடலாம் என்பார்கள், இன்னோர் இடத்தில் முகமே கூடாது என்பார்கள். பெரும்பாலான ஜியு ஜிட்சு பள்ளிகளில் குதிகாலைத் திருகும் பூட்டை வெள்ளை பெல்ட்டுகளோடு போடவே விட மாட்டார்கள். தொடங்கும் முன் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

சில இடங்களில் வெளி ஆள் வந்தால் சோதித்துப் பார்க்கும் புத்தி இன்னும் இருக்கிறது. வந்தவரைக் களைக்க வைத்துவிட்டு, கடைசியில் இருப்பதிலேயே பலசாலியை இறக்குவார்கள். ஜப்பானில் டோஜோ யாபுரி என்று ஒன்று இருந்தது, டோஜோவை உடைப்பது என்று பொருள்: முன்பின் தெரியாத ஒருவர் வந்து அங்கிருப்பவர்களைச் சவாலுக்கு இழுப்பார். பிரேசிலில் ஜியு ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்தார் மற்ற பாணிக்காரர்களைப் பகிரங்கமாகச் சவாலுக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த நினைவின் மிச்சம்தான் இது என்று நினைக்கிறேன். ஆனால் அதே ஜப்பானிய மொழியில் தெகெய்கோ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது, வெளியே போய்ப் பழகுவது என்று அர்த்தம். சுமோ மல்லர்கள் இன்றும் வேறு கூடங்களுக்கு அப்படிப் போய்ப் பழகுகிறார்கள். நீங்கள் போனது பழகத்தான், அதனால் உங்களுக்கு உரிமையும் உண்டு. போதும் என்று தோன்றினால், "இந்த ரவுண்டு உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்லி வணங்கிவிட்டு ஓரமாகப் போய் உட்காருங்கள். அதற்கும் மரியாதை கொடுக்காத இடம் என்றால் மறுபடி போக வேண்டியதில்லை. திரும்பி வந்து அவர்களைப் பற்றி நாலு பேரிடம் பேசவும் வேண்டாம், உங்கள் மாஸ்டரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லுங்கள்.

வீடியோ எடுக்கும் ஆசை வரும். கேட்காமல் எடுக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வகுப்பு என்றால் எடுக்கலாமா என்றுகூடக் கேட்காதீர்கள். அங்குள்ள மாணவர்களிடம் நீங்களும் எங்க கிளாஸுக்கு வாங்க என்று அழைப்பு விடுக்காதீர்கள். அப்படி யாராவது வர விரும்பினால் அவர்களும் தங்கள் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வரட்டும்.

கடைசி வணக்கம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். பல டோஜோக்களில் வகுப்புக்குப் பின் எல்லோரும் சேர்ந்து தரையைத் துடைப்பார்கள். அந்த ஷிட்டோ ரியு டோஜோவில், மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அதே பச்சை பெல்ட் பையன் ஈரத் துணி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "சார், இந்த ஓரத்திலிருந்து ஆரம்பிக்கணும்" என்றான். அவன் காட்டிய ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.