மக்னஸ் எப்படி 'நல்லவன்' ஆனான்

வைக்கிங் அரசன் என்றாலே பலருக்குக் கோடரியும் கப்பலும்தான். எனக்கு 'நல்லவன்' என்று பெயரெடுத்த நார்வே அரசன் மக்னஸ்.

1030இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் அவன் அப்பா ஓலாஃபை வீழ்த்தியது சொந்த நாட்டு விவசாயிகளும் தலைவர்களும். 1035இல் அரசனானபோது மக்னஸுக்கு 11 வயது இருக்கும். அப்புறம் பழிவாங்கல் தொடங்கியது. பண்ணைகள் பறிபோயின, மாடுகள் வெட்டப்பட்டன. நாடே கொதித்தது.

அவனிடம் யார் போய்ச் சொல்வது? நெருங்கியவர்கள் சீட்டுப் போட்டுப் பார்த்தார்களாம். சிக்வாட் என்ற அவைக்கவிஞருக்கு விழுந்தது. மக்னஸ் பிறந்தபோது பெயர் வைத்தவரே அவர்தான்! பாட்டாகவே பாடினார்: மக்களுக்குக் கொடுத்த வாக்கை மீறாதே, உன்னை இப்படித் தூண்டிவிடுவது யார் என்று.

அதைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டான் பாருங்கள், அந்த வயதில்! எனக்கு அதுதான் பெரிய வீரம். பழிவாங்கலை நிறுத்தினான்.