தேய்த்ததுதான் அதிகம், அடித்தது கொஞ்சம்

வண்டிக்கு வயது பதினெட்டு. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டேங்கில் பெயின்ட் உரிந்து, மட்கார்டு ஓரமெல்லாம் துரு கொப்புளித்து, பார்க்கிறவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கும் நிலை. கடையில் கொடுப்பானேன், நாமே அடித்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று கணக்கு. ஆனது ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்தில் பெயின்ட் அடித்த நேரத்தை மட்டும் கூட்டினால் இரண்டு மணி நேரம் தேறாது. மிச்சமெல்லாம் தேய்ப்பு, தேய்ப்பு, காய்வதற்குக் காத்திருப்பு.

முதல் தப்பு முதல் நாளே. பக்கவாட்டு மூடியை எடுத்து நேரே உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். வருஷக்கணக்காகப் போட்ட பாலிஷில் இருந்த சிலிகோன் என்ற வழுவழுப்புப் பொருள், தேய்த்த கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு கலர் அடித்தபோது அங்கங்கே பெயின்ட் வட்ட வட்டமாக விலகி நின்றது. மீன் கண் என்று சும்மா பெயர் வைக்கவில்லை, அப்படியேதான் இருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். மூடியை முழுக்கச் சுரண்டி மறுபடி தொடங்கினேன்.

துரு இருந்த இடத்தைச் சொரசொரப்பான 80ஆம் நம்பர் தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, உடனே எபாக்சி பிரைமர், அதாவது துரு பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு. வெறும் இரும்பை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் காலையில் மறுபடி துருவின் சாயல் வந்திருக்கும். நசுங்கல்களுக்குப் பட்டி, பள்ளத்தை நிரப்பும் பசை. அதில் ஹார்டனர், அதாவது இறுக வைக்கும் மருந்து, நூறு கிராமுக்கு இரண்டு கிராம் போலத்தான் சேர்க்க வேண்டும். சீக்கிரம் காயட்டுமே என்று கூடுதலாகப் பிதுக்கினேன். டேங்குக்குப் போவதற்குள் கலக்கிய அட்டையிலேயே கல்லாகிவிட்டது. இன்னொன்று, பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பெயின்டுக்கு அடியில் பிறகு கொப்புளமாகக் கக்கும். வாட்டர் பேப்பரெல்லாம் பிரைமர் போட்டுக் காய்ந்த பிறகுதான்.

மேடு பள்ளம் கண்டுபிடிக்க ஒரு வேலை செய்தேன். பிரைமர் மேல் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து மெல்லத் தூவிவிட்டு 400ஆம் நம்பர் தாளால் தேய்த்தேன். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். கறுப்பு தங்கிய இடத்திலெல்லாம் மறுபடி பட்டி. கடைசியில் இன்னும் நைசான 600ஆம் நம்பர் தாள் வரை போனேன்.

கலர் அடிப்பது சுகமான வேலை. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பொருளுக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, முந்தைய வரியில் பாதியை மறைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் பூச்சில் பிரைமர் தெரிந்தால் தெரியட்டும். எனக்குப் பொறுக்கவில்லை, இரண்டாவது பூச்சைச் சற்றுக் கனமாகப் போட்டேன், மட்கார்டில் கண்ணீர் போல வடிந்தது. காயவிட்டுத் தேய்த்து, மறுபடி அடித்தேன். நல்லவேளை, மெட்டாலிக் கலரை எடுக்கவில்லை. சாதாரண கறுப்பு என்பதால் ஒட்டு தெரியவில்லை.

கடைசியாக கிளியர் கோட், கலருக்கு மேல் போடும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. இங்கேதான் நின்றுவிட்டேன். சாதாரண ஸ்பிரே கிளியரை ஒரு பழைய தகர மூடியில் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தேன். கலரும் சேர்ந்து துணியில் வந்துவிட்டது. டேங்குக்கு இது ஆகாது. பெட்ரோலைத் தாங்க ஹார்டனர் கலந்த 2கே கிளியர் வேண்டும். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம், தூசிக்குக் கட்டும் முகமூடி அதற்கு எந்த மூலைக்கு? அந்த ஒரு பூச்சை மட்டும் கடையில் கொடுத்துவிட்டேன். தோல்விதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நுரையீரல் விஷயத்தில் எனக்கு வீராப்பு கிடையாது.

அந்தப் பெயின்டர் டேங்கைக் கையில் வாங்கியதும் பார்க்கவே இல்லை. உள்ளங்கையில் ஒரு மெல்லிய துணியை வைத்துக்கொண்டு மேலே தடவினார். மூடிக்குக் கீழே இடப்பக்கம் கை நின்றது.

“தம்பி, இங்க பட்டி கொஞ்சம் இறங்கியிருக்கு. கிளியர் ஏறினா தெரியும். அடிச்சிடவா, எடுத்துட்டுப் போறீங்களா?”

நான் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கலர் மட்டும் இருக்கும்போது மினுப்பே இல்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. ஆறு வாரத் தேய்ப்பில் தோள்பட்டை வேறு விட்டுப்போயிருந்தது.

“அடிச்சிடுங்கண்ணே” என்றேன்.

இப்போது சாயங்கால வெயிலில் வண்டியை நிறுத்தினால் டேங்கில் எதிர்ச் சுவரின் விளிம்பு நேர்க்கோடாக விழுகிறது. மூடிக்குக் கீழே இடப்பக்கம் மட்டும் அந்தக் கோடு லேசாக வளைகிறது. வேறு யாருக்கும் தெரியவில்லை என்கிறார்கள். எனக்கு வண்டியில் வேறு எதுவுமே தெரிவதில்லை.