விட்டுப்போன பாதி

அவர் சொன்னது இதுதான்: "தம்பி, இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொல்லுங்கோ. அது வெருளாது எண்டால் மட்டும்."

நான் படகோட்டியிடம் சிங்களத்தில் சொன்னது: "அய்யே, இன்னும் கொஞ்சம் கிட்ட எடுங்க." அய்யே என்றால் அண்ணா.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு கிழமை. இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் முடியும் நேரம். அந்த மூன்று நான்கு விநாடிகளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். "வெருளாது எண்டால் மட்டும்" என்பதை நான் கேட்டேனா? கேட்டேன். அது காதில் விழவில்லை என்று முதலில் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த 'வெருளாது' என்ற சொல்லை வெள்ளவத்தையில் என் அம்மம்மா மாட்டைப் பற்றிச் சொல்லக் கேட்ட பிறகு வேறு யார் வாயிலும் கேட்டதில்லை என்று அந்த நேரத்திலேயே நினைத்தது ஞாபகம் இருக்கிறது. காதில் விழாத சொல்லைப் பற்றி அப்படி நினைத்திருக்க முடியாது.

பதினொரு வருடங்களாக இதுதான் என் தொழில். கொழும்பு அலுவலகத்திலிருந்து விருந்தினரை அழைத்துக்கொண்டு விடியப்புறம் மூன்று மணிக்குப் புறப்பட்டு, அதிவேகப் பாதையில் தெற்கே இறங்கி, ஆறரைக்குப் படகில் ஏற்ற வேண்டும். திமிங்கிலத்தைக் கண்டுபிடிப்பது படகோட்டியின் கண். படம் எடுப்பது விருந்தினரின் கை. நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் நான். அதிலேயே பாதியை விட்டேன் என்பதுதான் உறுத்துகிறது.

அன்றைக்கு வந்த விருந்தினருக்கு எழுபது வயதுக்கு மேல். கொழும்பின் பம்பலப்பிட்டியில் பிறந்து வளர்ந்து, 1983க்குப் பிறகு கனடா போனவர். அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். மற்றவர்கள் நீலத்திமிங்கிலம் பார்க்க வருவார்கள். அவர் கேட்டது கூன்முதுகுத் திமிங்கிலம். தென்கரையில் அது எப்போதாவதுதான் தென்படும், நம்பி வராதீர்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தேன். "கிடைக்காட்டிப் பரவாயில்லை, பருவக் கடைசியில படகு குறைவா இருக்கும், அதுவே போதும்" என்றார்.

கொட்டாவையில் அதிவேகப் பாதை ஏறியதிலிருந்து வெலிகம இறங்கும்வரை அவர் கைப்பேசியில் திமிங்கில வால்களின் படங்களைத்தான் காட்டிக்கொண்டு வந்தார். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வாலின் அடிப்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நம் கைரேகை மாதிரி. அரபிக்கடலில் ஒரு கூட்டம் இருக்கிறது. மற்றக் கூன்முதுகுகள் துருவப் பக்கத்துக் குளிர்க்கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் வருடாவருடம் போய்வரும். இவை அந்த வலசையே போவதில்லை. 1966இல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இருநூறுக்கு மேல் கொன்றன. இன்றைக்கு ஓமான் கரையில் நூறுகூட இல்லை என்பதுதான் கணக்கு. அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பெண் திமிங்கிலம் 2017இன் கடைசியில் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனைவரை வந்துவிட்டுத் திரும்பியது. லுபான் என்று பெயர். வாலில் சாம்பிராணி மரம் மாதிரி ஒரு கோலம் இருந்ததால் அந்தப் பெயர். "கன்னியாகுமரிப் பக்கம் வந்தது இங்க வர எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். கேட்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

அதனால்தான் அன்றைக்கு அது வந்தபோது எனக்கும் கை நடுங்கியது.

நீலத்திமிங்கிலத்தின் மூச்சு நெட்டையாக, ஒரு தூண் மாதிரி எழும்பும். இது கட்டையாக, பற்றையாக எழும்பியது. படகோட்டி ஒரு சொல்லும் பேசாமல் இயந்திரத்தைக் குறைத்தார். அப்புறம் தண்ணீருக்கடியில் பச்சையாக ஒரு வெளிச்சம் நீண்டது. அதன் பக்கத்துடுப்பு. உடம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும் அந்தத் துடுப்பு வேறு எந்தத் திமிங்கிலத்துக்கும் கிடையாது. நூற்றைம்பது மீற்றர் இருக்கும் எங்களுக்கும் அதற்கும்.

அந்த இடத்தில்தான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

நூறு மீற்றருக்குக் கிட்டப் போகக் கூடாது என்பது 2012இல் வந்த சட்டம். அதை நான் ஒவ்வொரு பயணத்திலும் வாகனம் புறப்பட்டவுடன் சொல்வேன், அன்றைக்கும் சொன்னேன். நூற்றைம்பதிலிருந்து 'கொஞ்சம் கிட்ட' என்றால் நூற்றிருபது. அது குற்றமில்லை. அப்படித்தான் நான் நினைத்துச் சொன்னேன் என்று ஒரு பக்கம் வாதாடலாம். ஆனால் அந்தப் படகோட்டியோடு பல பருவம் போயிருக்கிறேன். விருந்தினர் கேட்டார் என்று நான் சொன்னால் அவர் எவ்வளவு தூரம் போவார் என்று எனக்குத் தெரியும். மே மாதம் பிறந்தால் கடல் கொந்தளிக்கும், படகு கரையில்தான் கிடக்கும், அடுத்த டிசம்பர் வரைக்கும் அந்தத் துறையில் வருமானம் இல்லை. பருவத்தின் கடைசிப் பயணங்களில் ஒரு விருந்தினர் கேட்டதைக் கொடுக்காமல் திரும்ப அவரால் முடியாது. அவரிடம் நான் கொண்டுபோக வேண்டியிருந்தது அந்த 'மட்டும்' என்ற சொல்லைத்தான். அது போயிருந்தால் முடிவு அவர் கையில் இருந்திருக்கும். வெருளுமா வெருளாதா என்று அந்தப் படகில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் கொண்டுபோனது வெறும் கட்டளை.

ஐம்பது மீற்றர் இருக்கலாம், நாங்கள் போய்ச் சேர்ந்தது. இரண்டு முறை மூச்சு விட்டது. ஆழத்துக்குப் போகும் முன் முதுகை வளைத்து வாலைத் தூக்கும், அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் கடல் கடந்து வந்திருந்தார். இது முதுகை வளைக்கவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, வாலைக் காட்டாமல், அப்படியே அமிழ்ந்து போனது. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். காற்று மாறி அலை ஏறத் தொடங்கியதும் படகோட்டி தலையசைத்துப் படகைத் திருப்பினார்.

கூன்முதுகு எல்லா நேரமும் வாலைத் தூக்குவதில்லை. தூக்காமலே அமிழ்வதை நிறைய முறை எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் நூற்றைம்பதிலேயே நின்றிருந்தாலும் அது அப்படியே போயிருக்கலாம். இலங்கையின் தென்கோடியான தெவுந்தரை முனைக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டேயிருக்கின்றன. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்முனையில் செத்த நீலத்திமிங்கிலம் ஒன்று தொங்கியதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்த ஆள் நான். அவற்றின் முன் எங்கள் சின்னப் படகு என்ன செய்துவிடும்? இந்தக் கேள்வியை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது ஆறுதலாக இருக்கிறது, கொஞ்ச நேரம் போனதும் ஆறுதல் தங்குவதில்லை. அந்தக் கப்பல்காரனிடம் யாரும் "வெருளாது எண்டால் மட்டும்" என்று சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்கள்.

கரைக்கு வரும் வழியில் படகோட்டி, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார், "மல்லி, அந்த ஐயா அவசரப்பட்டுட்டார்." நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றும்போது சொன்னார், "பாவம், அவருக்கும் ஆசை வந்திட்டுது போல." அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடி தூரம். ஒருவர் மற்றவர் முடிவெடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெலிகமவில் செவ்விளநீர் குடிக்க வாகனத்தை நிறுத்தினோம். நான் காசு கொடுக்கப் போவதற்குள் அங்கிள் இறங்கிக் கடைக்காரரிடம் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். சும்மா இரண்டு சொல் இல்லை. எந்தத் தோட்டத்துக் காய், மரம் எத்தனை, இந்த வருடம் மழை எப்படி என்று கொழும்புச் சிங்களத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல். நாற்பது வருடம் போயும் அப்படியே இருந்தது. "பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்துதானே படிச்சோம்" என்றார் என்னைப் பார்த்து.

இளநீர் என் தொண்டையில் இறங்கவில்லை.

அப்படியானால் அவருக்குக் கேட்டிருக்குமா? இயந்திரம் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் சின்னக் குரல் இல்லை. நான் பாதியை விட்டதைக் கேட்டும் அவர் திருத்தவில்லை என்றால், வால் வேண்டும் என்ற ஆசை அந்த ஒரு விநாடி அவருக்கும் வாயை அடைத்திருக்கலாம். அப்படியென்றால் 'மட்டும்' என்றது தன் மனச்சாட்சிக்காகச் சொன்னது, விட்டது நான், அதனால் அவருக்கு வசதி. அல்லது கமராக் கண்ணாடியில் முகத்தை வைத்திருந்தவருக்கு எதுவுமே கேட்டிருக்காது. பிறகு படகோட்டியைப் பற்றி "அவருக்கும் ஆசை" என்றாரே, அந்த 'உம்' யாரைச் சேர்த்தது? அவரையா, என்னையா? கொழும்பு வரும்வரை இரண்டரை மணி நேரம் பக்கத்தில்தான் இருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் நான் விட்டதைச் சொல்ல வேண்டிவரும்.

இப்படி அவர்மேல் கொஞ்சம் தள்ளப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. அவர் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் என் வாயில் வந்தது அதேதான். ஏன் விட்டேன் என்பதற்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எனக்கும் அந்த வாலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பதினொரு வருடத்தில் முதல் கூன்முதுகு.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பச்சைத் தண்ணீருக்கடியில் அந்த நீண்ட துடுப்பு மட்டும், ஓரம் மங்கலாக. வால் இருந்திருந்தால் ஓமான் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: "படகோட்டி அய்யேக்கு என் நன்றியையும் மன்னிப்பையும் சொல்லுங்கோ."

மன்னிப்பு எதற்கு என்று அவர் எழுதவில்லை. அடுத்த நாள் மிரிஸ்ஸவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நன்றியைச் சொன்னேன். படகோட்டி சந்தோஷப்பட்டார், படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மற்றதைச் சொல்ல வாயெடுத்தேன். எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் சீசன் எப்போது தொடங்கும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.