ஜி லைனைப் பிடித்தால் கல் கிடைக்கும்

வேலூர் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தைக் கையில் வாங்கி, வயலின் வடிவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். சர்வே வேலையில் இருக்கும் எனக்கு அது மனசு ஆறுவதில்லை. அந்தப் புலப்படத்தின் உயிரே எல்லைக் கல்லுக்குக் கல் எழுதிய தூரத்திலும், வயலுக்குக் குறுக்கே ஓடும் ஜி லைனிலும்தான் இருக்கிறது.

எவ்வளவு கோணலான வயலையும் முக்கோணங்களாக உடைத்துவிடலாம்; அப்படி உடைக்கும் குறுக்குக் கோடுதான் ஜி லைன். மூன்று பக்கமும் தெரிந்துவிட்டால் முக்கோணம் அசையாது. கோணம் பார்க்கும் கருவிகூட வேண்டாம், சங்கிலி போதும். வரப்பு வளைகிற இடங்களுக்கு ஜி லைனிலிருந்து செங்குத்தாக அளந்த தூரம், அதாவது ஆஃப்செட். 1802-ல் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்து, அரை டன் தியோடலைட்டை வைத்துக் கோணம் பார்த்துப் பார்த்துத் தீபகற்பத்தின் குறுக்கே போனாரே, அவர் நம்பியதும் முக்கோணத்தைத்தான்.

குடியாத்தம் பக்கம் ஓடையோரம் ஒரு வயல். அண்ணன் தம்பி தகராறு, மூலைக் கல்லைக் காணோம். "எங்க நைனா காலத்துல இந்தப் புளிய மரத்தாண்டதான் சார் இருந்துச்சி" என்றார் அண்ணன். தம்பி வேறு இடத்தைக் காட்டினார். பழைய படத்தில் அளவெல்லாம் லிங்க்ஸ் கணக்கு. 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க். ஜி லைனில் 212, வலப்பக்கம் 42 என்று எழுதியிருந்தது. மீட்டரில் 42.6, 8.4. நூல் கட்டி, செங்கோணம் பிடிக்கும் கிராஸ் ஸ்டாஃப் வைத்துத் திருப்பி, டேப் நின்ற இடத்தில் தோண்டச் சொன்னேன். முழங்கை ஆழ வண்டலுக்குக் கீழே கடப்பாரை ணங்கென்றது. அண்ணன் காட்டிய இடமும் இல்லை, தம்பி காட்டிய இடமும் இல்லை. இரண்டு பேரும் அதன்பிறகு பேசவில்லை. தம்பிதான் குனிந்து மண்ணைத் தள்ளினார்.

அந்தப் படத்தின் தலைப்பில் வட ஆற்காடு ஜில்லா என்று இருந்தது. 1989-ல் பிரிந்து, 2019-ல் மறுபடியும் பிரிந்து, இன்று வேலூர் மாவட்டம். உள்ளே இருந்த எண்களில் திருத்த ஒன்றுமில்லை.

இப்போது செல்போனில் புள்ளி வைத்து எல்லை காட்டச் சொல்கிறார்கள். போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப் போகும். காட்பாடியில் ஒரு சென்ட் விற்கிற விலைக்கு அது தாங்குமா? உட்பிரிவு செய்கிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் புது வரப்பின் இரண்டு முனைக்கும் பழைய கல்லிலிருந்து தூரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே சர்வேயரை எழுதச் சொல்லுங்கள்.