45 தெப்பத்துக்கு மானியம் வாங்கின அனுபவம்

ராமேஸ்வரம் தீவுதான் என் ஊர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, அம்மாவோடு தென்கடல் (மன்னார் வளைகுடா) தீவுகளில் மரிக்கொழுந்து என்ற கடற்பாசி எடுத்து வளர்ந்தவள். அங்குள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. ரோந்துப் படகு சத்தம் கேட்டு, நிறைந்த சாக்கைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். பிறகு பெண்களே கூடிப் பேசி, மாதம் 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தோம். கடலுக்கு நல்லதுதான். மீதி 18 நாளுக்கு அடுப்பு எரிய வேண்டுமே?

அப்படித்தான் கடலில் தெப்பம் கட்டி வளர்க்கும் பெப்சி பாசிக்கு வந்தேன். முதலில் கொண்டுவந்த கம்பெனியின் பெயரே எங்கள் பக்கம் பாசிக்கு நிலைத்துவிட்டது. இதைத் தென்கடலில் வளர்க்கக் கூடாது. குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்து மூடியிருக்கிறது. வடகடலில்தான் (பாக் விரிகுடா) தெப்பம் போட வேண்டும்.

மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவில் ஒரு தெப்பத்துக்கு 1,500 ரூபாய் கணக்கு, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். பாசி விளைய 45 நாள் ஆகும். 45 தெப்பம் இருந்தால் தினம் ஒன்று அறுக்கலாம். மொத்தம் 67,500. கையிலிருந்து 27,000 போட்டால் போதும் என்று நம்பி ஐந்து பேர் மனுக் கொடுத்தோம்.

மானியம் பின்னால்தான் வரும் என்று அப்போது தெரியாது. முழுப் பணத்தையும் நாமே போட்டுத் தெப்பம் இறக்கி, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். வியாபாரி முன்பணம் தருவார், ஆனால் அவர் சொல்லும் விலைக்கே பாசியைப் போட வேண்டும். நான் தோட்டை அடகு வைத்தேன்.

ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியல். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம். மனுக் கொடுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

ஒரு தெப்பத்தில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு ஒரு கைப்பிடி நாற்று. 60 கிலோ கட்டி முடிக்கையில் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிடும். அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் வந்து கொழுந்தையெல்லாம் கடித்துவிடும். முதல் தெப்பத்தில் அப்படித்தான் இழந்தேன்.

அதிகாரிகள் வந்த அன்று விடியற்காலைக் காற்றில் என் நான்கு தெப்பம் அறுத்துக்கொண்டு போயிருந்தன. 41தான் எண்ணிக்கையில் வந்தது. மறுபடி வந்து பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பணம் ஏறியது ஐப்பசியில். அதற்குள் வாடைக்காற்று தொடங்கி, தெப்பங்களைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தோம். அடகு வட்டியே மானியத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. தையிலேயே இறக்கிவிடுங்கள், வாடைக்கு முன் பார்வையும் முடியும், பணமும் கைக்கு வரும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்கு நிவாரணம் 8,000 ரூபாய் நேராகக் கணக்கில் விழுகிறது. தீவில் பாசி எடுப்பதை விட்டு வந்தவளிடம் மட்டும் முதலில் கடன் வாங்கிச் செய்து காட்டு என்பது நியாயமில்லை. பாதியாவது முன்கூட்டித் தரவேண்டும்.

எங்கள் ஐவரில் ஒருத்தி வட்டி தாங்காமல் திரும்பத் தீவுக்கே பாசி எடுக்கப் போகிறாள். அவளுடைய கயிறும் வலையும் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கின்றன. யாருக்கும் விற்கவில்லை.