வயலின் ஓரத்துக்கு வச்சிரம்: ஒருவழியாகப் பிடித்தது

வயலின் மேல் பலகை ஓரத்தில் வச்சிரம் (மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் பசை) போட்ட ஒட்டு பிடித்துவிட்டது. மேல் பலகை டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் துண்டு) பக்கத்திலிருந்து இடுப்பு வளைவு வரை வாயைப் பிளந்து நின்ற இடத்தை இப்போது விரல் முட்டியால் தட்டினால் ஓரம் முழுக்க ஒரே சத்தம். மந்தர ஷட்ஜத்தில் வில்லை வைத்ததும் வந்த 'ஜிர்ர்' போயே போச்சு. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இழுத்ததற்குக் காரணம், எனக்கு முன்னால் யாரோ அதே இடத்தை வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்ததுதான். நாற்காலிக்கும் அலமாரிக்கும் அது அருமையான பசை, நானே வாங்குவேன். வயலின் ஓரத்தில் அது இரண்டு விதத்தில் கெடுதல். முதலாவது, காய்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகி மர நார்களுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. அதன்மேல் வச்சிரம் ஒட்டாது. இரண்டாவது, தேவைக்குமேல் கெட்டியாகப் பிடிக்கிறது. மேல் பலகை சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம். மார்கழியில் வெளியே ஈரக்காற்று, சபாவுக்குள் ஏசி. மரம் சுருங்கும்போது எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஓரம் விட்டுக்கொடுத்தால் ஒரு மாலை வேலை. ஓரம் பிடிவாதமாக நின்றால் பலகை நடுவில் விரிசல் விழும். விரிசல் ஒட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, மேல் பலகை ஓரத்துக்கு வேண்டியது அளவாகப் பிடித்து, வேண்டியபோது விடுகிற பசை. எபாக்ஸி, நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூ வகைகளை இந்த இடத்தின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அந்தப் பழைய படலத்தை எடுத்ததுதான் உண்மையான வேலை. வச்சிரமாக இருந்தால் வெந்நீர்த் தூரிகையால் தடவியதும் இளகிவிடும். இது இளகவில்லை. வெந்நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, மெல்லிய பேலட் கத்தியின் முனையில் ஒற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் ரப்பர் மாதிரி வெண்மையாக உப்புகிறது. அப்போது சுரண்டினால் சுருள் சுருளாக வருகிறது. அவசரப்பட்டு அழுத்தினால் மர நாரும் சேர்ந்து வந்துவிடும். ஸ்பிரிட்டை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், வார்னிஷைத் தின்றுவிடும். தண்ணீரே வார்னிஷில் நின்றால் வெளுக்கிறது. அதனால் ஒரு கையில் கத்தி, மறு கையில் காது குடையும் பஞ்சுக் குச்சி. முடிந்ததா என்று பார்க்க டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பாகத் தெரியும் இடமெல்லாம் இன்னும் பசை. மரம் மங்கலாகத் தெரிய வேண்டும். நம் ஆட்கள் வாசிக்கும்போது விரலில் தொடுகிற தேங்காய் எண்ணெய், வழிகிற வியர்வை எல்லாம் பிளவுக்குள் இறங்கியிருக்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் வச்சிரம் பிடிக்காது. எனக்கு வந்த கருவியில் அந்தப் பிசுபிசுப்பும் தாராளமாக இருந்தது.

சரி, பசைக்கு வருவோம். முதலில் பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய ஹார்ட்வேர் கடையில் வாங்கிய தட்டு வச்சிரத்தைக் காய்ச்சிப் பார்த்தேன். நாற்றம் தெருமுனை வரை. அதன் வலு எவ்வளவு என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைப் பெட்டி வேலைக்கு ஒதுக்கிவிட்டு 192 கிராம் வகைக் குருணையை வரவழைத்தேன். வாத்திய வேலைக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிற தரம் அது. அந்த எண், உறைந்த பசையின் மேற்பரப்பை 4 மி.மீ. அமுக்க எத்தனை கிராம் எடை வேண்டும் என்பதைக் குறிக்கிறது. எண் ஏற ஏற வலுவும் ஏறும், உறைகிற வேகமும் ஏறும்.

பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, குழந்தைகளின் பால் புட்டி சூடாக்கும் கருவியில் 60 டிகிரியில் வைத்தேன். அதற்கு மேல் விட்டால் பசை பலம் இழக்கும், கொதித்தால் கதை முடிந்தது. மர இணைப்புகளுக்கு எடையில் ஒரு பங்கு குருணைக்கு இரண்டு பங்கு தண்ணீர் சரி. மேல் பலகை ஓரத்துக்கு ஒன்றுக்கு மூன்று வரை இளக்கினேன். தூரிகையைத் தூக்கினால் நூலாக ஓடி, பிறகு சொட்டாக அறுபட வேண்டும். விகிதக் கணக்கைவிட இந்த ஓட்டத்தைத்தான் நம்புகிறேன். இரண்டு ஸ்ப்ரூஸ் துண்டுகளை ஒட்டி, மறுநாள் கத்தியை நுழைத்துப் பாருங்கள். மரத்தைப் பிய்க்காமல் 'டிக்' என்று ஒட்டு மட்டும் விட்டால் ஓரத்துக்கு ஏற்ற கலவை.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் பசை தடவியதும் பதறுகிறார்கள். அறை குளிராக இருப்பதால் ஒரு நிமிடத்துக்குள் கூழாகிவிடுகிறதாம். சென்னை மே மாதத்தில் அந்தப் பதற்றமே இல்லை. மின்விசிறியை மட்டும் நிறுத்தினேன். பசையில்லாமல் ஒரு ஒத்திகை, பிறகு பேலட் கத்தியால் பிளவுக்குள் பசை, கார்க் ஒட்டிய மரக்கட்டைக் கிளாம்ப்புகள், பிதுங்கியதை உடனே வெந்நீர்த் துணியால் துடைத்தல். ஆனால் இந்த வெயிலில் பசை உறைந்து பிடிக்கவும் நேரமாகிறது, புழுக்கத்தில் காயவும் நேரமாகிறது. மறுநாள் மாலை வரை கிளாம்ப்பைத் தொடவில்லை.

மிச்சக் கலவையை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். எங்கள் வீட்டில் நடக்காது. மாட்டுத் தோல் சமாசாரம் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது அம்மாவின் தீர்ப்பு. மேசைமேல் விட்டால் இந்தச் சூட்டில் சீக்கிரம் அழுகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பூன் குருணை மட்டும் ஊறவைக்கிறேன். புட்டியில் திரவமாக விற்பதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லைதான், ஆனால் நம் ஊர் ஈரத்தில் அது இளகிவிடும் என்பதால் தொடவில்லை.

பேலட் கத்தி உரசிய ஓரிடத்தில் வார்னிஷ் தொட வேண்டியிருக்கிறது, அப்புறம் சவுண்ட்போஸ்ட்டையும் (உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் குச்சி) ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்குள் சுரைக்குடத்தில் விரிசல் விட்ட ஒரு மீரஜ் (மகாராஷ்டிரத்து ஊர்) தம்பூரா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வடக்கே அந்த வேலைக்கும் சரேஸ் என்கிற தோல் பசையைக் காய்ச்சுவதுண்டு. சுரைக்காய் ஓட்டுக்கு 192 போதுமா, அதைவிட வலுவான வகை வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வார்னிஷ் வேலை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.